பண்டைய வரலாற்றுக்கு ஒரு தனி ஆசிரியரைத் தேடியபோது

என் மகளின் பண்டைய வரலாற்று விடைத்தாளில் ஆண்டுகள் எல்லாம் சரியாக இருந்தன, மன்னர்களின் பெயர்கள் பிழையின்றி இருந்தன, கையெழுத்தும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் 12 மதிப்பெண்ணுக்கான சான்றுக் கேள்வியில் அவள் பெற்றிருந்தது 3. எகிப்தியக் கோயில் சுவர் ஒன்றில் செதுக்கப்பட்ட காதேஷ் போர்க் காட்சியின் படத்தைக் கொடுத்து, அந்தப் போரைப் பற்றி அறிய இந்தச் சான்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருந்தார்கள். அவளோ எகிப்திய மன்னர் இரண்டாம் ராமசேஸ் தேரில் ஏறித் தனியொருவராக எதிரிகளைச் சிதறடித்த கதையை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில், "இது சுவர் சொல்லும் கதை, கேள்வி சுவரைப் பற்றியது" என்று ஆசிரியர் குறித்திருந்தார்.

அந்த வரியின் பொருளை அப்போது நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மதிப்பெண் குறைந்தால் பாடம் மனத்தில் நிற்கவில்லை என்றுதானே பெற்றோர் நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்து, வரலாற்றைச் சுவையாகச் சொல்லிக் குழந்தையின் மனத்தில் பதிய வைக்கும் ஒருவரைத் தேடத் தொடங்கினேன். தேடல் கிட்டத்தட்ட ஏழு மாதங்கள் நீண்டதற்கு முதற்காரணம் ஆசிரியர்கள் கிடைக்காததன்று; என்ன தேடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்ததுதான்.

முதலில் வந்தவர் பல ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் கதை சொல்லும் அழகை நான் இன்றும் மெச்சுகிறேன். அலெக்சாந்தர் தீர் நகரத்தை முற்றுகையிட்டு, கடலுக்குள் கல்லையும் மண்ணையும் கொட்டி வழி அமைத்ததை அவர் விவரித்தபோது, அடுத்த அறையிலிருந்த நானும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் ஒவ்வொரு வகுப்பையும் ஆவலுடன் எதிர்பார்த்தாள். இரண்டு மாதங்களுக்குப் பிறகு வந்த தேர்வில் சான்றுக் கேள்விக்கு அவள் பெற்றது மீண்டும் 3. அவளிடம் இல்லாதது கதை அன்று. கதையை விசாரிக்கும் பழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் வாய் திறந்து பேசியது ஓரிரு நிமிடங்கள்கூட இராது என்பதை நான் கவனித்திருந்தும், அதை ஒரு குறையாக அப்போது எண்ணவில்லை.

இரண்டாமவர் முற்றிலும் வேறு வகை. எதிர்பார்க்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் தட்டச்சு செய்த மாதிரி விடைகளை வைத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு விடைகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். அடுத்த தேர்வில் சுவர்ச் சிற்பத்துக்குப் பதிலாக ஒரு களிமண் பலகையின் வாசகத்தைக் கொடுத்தார்கள். என் மகள் அதற்கும் "இந்தச் சிற்பம் மன்னரின் புகழைப் பரப்பவே செதுக்கப்பட்டது" என்று தொடங்கி எழுதிவிட்டு வந்தாள். இதையாவது சிரித்துக் கடந்திருக்கலாம். பள்ளியில் கொடுத்த ஆய்வுக் கட்டுரையை அவரே எழுதித் தந்து, இதைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடு என்று சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. பிறர் எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுப்பது மாணவருக்குத் தண்டனை வாங்கித் தரக்கூடிய குற்றம். அதைவிடக் கொடியது, தன்னால் எழுத முடியாது என்ற நம்பிக்கையைப் பிள்ளையின் மனத்தில் விதைப்பது. அந்த வாரமே அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டோம்.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். மூன்று விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு, பள்ளியில் அவளுக்கு அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒதுக்கிய கால் மணி நேரம் முந்தைய சில மாதங்களின் செலவைவிட மதிப்புடையது. சான்றுக் கேள்விகளில் எதற்கு மதிப்பெண் தருகிறோம் என்பதை அவர் மதிப்பீட்டு விதிகளைக் காட்டியே விளக்கினார்: சான்று யாரால், எப்போது, யாருக்காக உருவானது என்று கேட்பது, அது சொல்வதை வேறொரு சான்றுடன் ஒப்பிடுவது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பார்ப்பது, இவற்றிலிருந்து அளவான ஒரு முடிவுக்கு வருவது. காதேஷ் கேள்வியையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். கி.மு. 1274 அளவில் நடந்த அந்தப் போரை ராமசேஸ் தம் கோயில்கள் பலவற்றில் பெருவெற்றியாகச் செதுக்க வைத்தார். ஆனால் போருக்குப் பிறகும் காதேஷ் நகரம் எதிரிகளான ஹிட்டைட்டுகளின் பிடியிலேயே இருந்தது. பதினைந்து ஆண்டுகள் அளவில் கழித்து இரு தரப்பும் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையின் வாசகம் எகிப்தியக் கோயில் சுவரிலும் ஹிட்டைட்டுத் தலைநகரின் களிமண் பலகைகளிலுமாக இரண்டு பக்கமும் கிடைத்திருக்கிறது. இவற்றை அருகருகே வைத்தால், அந்தச் சுவர் போரின் முடிவை அறியப் பலவீனமான சான்று என்றும், ஒரு மன்னர் தம்மை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதை அறிய மிக வலுவான சான்று என்றும் எழுதலாம். என் மகளுக்கு இந்தத் தகவல்களில் பாதி தெரியும். அவற்றை எங்கே பொருத்துவது என்பதுதான் தெரியாது.

அவர் இன்னொன்றையும் சொன்னார். பண்டைய வரலாறு என்ற ஒரே பெயரின்கீழ் பாடத்திட்டங்கள் வெவ்வேறானவற்றை வைத்திருக்கின்றன. ஒன்றில் கிரேக்கமும் ரோமும் ஆழமாக வரும். இன்னொன்றில் மெசபடோமியா, எகிப்து, சிந்துவெளி, சீனம் என அகலமாக வரும். பெரிக்கிளிஸ் காலத்து ஏதென்ஸை ஆண்டுக்கணக்கில் படித்த ஒருவர் அசோகரின் கல்வெட்டுகளைத் தொட்டே பார்க்காதவராக இருக்கலாம். ஆகவே, இரு ஆண்டுகளுக்கான பாடப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடும்படி அறிவுறுத்தினார்.

இந்த முறை தேடலின் திசை மாறியது. தனிப்பயிற்சிக்கான தளங்களில் வரலாற்று ஆசிரியர் என்று பதிவு செய்திருப்பவர்களில் பெரும்பாலோர் நவீன வரலாற்றைக் கற்பிப்பவர்கள். உலகப் போர்களையும் விடுதலை இயக்கங்களையும் நன்றாக நடத்தக்கூடியவர்கள் என்பதால் பண்டைய காலத்துக்கும் ஏற்றவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நவீன காலத்துக்குச் சான்றுகள் மிகுதி; அவற்றில் தேர்ந்தெடுப்பதே திறமை. பண்டைய காலத்துக்கோ சான்றுகள் குறைவு, அவையும் உடைந்தவை. உடைந்த ஒன்றிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதே திறமை. அதனால் பல்கலைக்கழகங்களின் தொல்லியல், கல்வெட்டியல், செம்மொழித் துறைகளின் அலுவலகங்களுக்கு எழுதி, ஆய்வு மாணவர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விருப்பமுள்ளவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அருங்காட்சியகங்களில் பள்ளி மாணவர்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்துபவர்களிடமும், முன்பு தேர்வுத்தாள் திருத்திய அனுபவமுள்ள ஆசிரியர்களிடமும் விசாரித்தேன்.

எழுதிய கடிதத்தின் அமைப்பையும் மாற்றினேன். முன்பெல்லாம் "நல்ல வரலாற்று ஆசிரியர் தேவை" என்று ஒரு வரிதான். இப்போது வகுப்பு, பாடப் பட்டியலில் உள்ள காலப்பகுதிகள், குறை எந்த வகைக் கேள்வியில் இருக்கிறது என்பவற்றைக் குறிப்பிட்டு, பெயரையும் பள்ளியையும் மறைத்த ஒரு விடைத்தாளின் படத்தையும் இணைத்தேன். இணைத்த அந்த ஒரு பக்கம் பாதி வடிகட்டலைத் தானே செய்துவிட்டது. சிலர் விடைத்தாளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், மூன்றே மாதத்தில் முழு மதிப்பெண்ணுக்கு உறுதி என்று பதில் எழுதினார்கள். இரண்டு பேர் மட்டும் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார்கள். அதில் ஒருவர், "மூன்றாவது பத்தியில் 'சுவரில் எல்லாரும் ராமசேஸைவிடச் சிறியவர்களாக இருக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாள், இவளுக்குக் கண் இருக்கிறது, அதை வைத்துத் தொடங்கலாம்" என்று எழுதியிருந்தார். தொல்லியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த இளம்பெண் அவர்.

இருவரிடமும் தொலைபேசியில் பேசியபோது நான் கேட்ட கேள்விகளுள் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். பொம்பேயி நகரம் எரிமலைச் சாம்பலில் புதைந்தது எப்போது? பாடநூல்களில் வழக்கமாக இருக்கும் விடை கி.பி. 79 ஆகஸ்டு 24. நிகழ்வை நேரில் பார்த்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியின் கடிதத்தின் கைப்படிகளிலிருந்து வந்த தேதி அது. ஆனால் 2018இல் அங்கே ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கப்பட்ட வாசகம் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. அதில் அக்டோபர் 17க்கு நேரான தேதி இருக்கிறது, ஆண்டு இல்லை. கரி எழுத்து நெடுநாள் நிற்காது என்பதால், அது அழிவுக்குச் சற்று முன்பு எழுதப்பட்டிருக்க வேண்டும், எனவே எரிமலை வெடித்தது இலையுதிர் காலத்தில் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நான் அழைத்த இருவரில் ஒருவர் ஆகஸ்டு 24 என்று சொல்லி அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். ஆய்வு மாணவியோ, ஆண்டில் ஐயமில்லை, மாதத்தில் ஐயம் உண்டு என்று தொடங்கி, தேர்வில் பாடநூல் தேதியை எழுதிவிட்டு ஐயத்தை ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டால் போதும் என்று முடித்தார். புதியதை அறிந்திருப்பதும், அதைத் தேர்வுக்கு எந்த அளவில் பயன்படுத்துவது என்று தெரிந்திருப்பதும் வேறு வேறு. இரண்டும் அவரிடம் இருந்தன.

இருந்தாலும் மாதிரி வகுப்பைப் பார்க்காமல் முடிவு செய்யவில்லை. முந்தைய இருவரிடமும் நான் செய்யத் தவறியது அது. மாதிரி வகுப்புக்குக் கட்டணம் கொடுத்தேன்; இலவசமாகக் கேட்பது முறையன்று என்பதோடு, கட்டணம் கொடுத்தால்தான் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நமக்குத் தெளிவாக இருக்கும். நானும் அதே அறையில் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

அவர் அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டின் மொழிபெயர்ப்பில் ஒரு பத்தியை மகளிடம் கொடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் பேசாமல் இருந்தார். முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபோது கலிங்கத்தை வென்றதையும், 1,50,000 பேர் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டதையும், 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும், அதற்காகத் தாம் வருந்துவதையும் மன்னர் சொல்லும் பகுதி அது. மகள் படித்து முடித்ததும், பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்று கேட்டார். அவள் தன் வழக்கப்படி கலிங்கப் போரின் கதையைத் தொடங்கினாள். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "இந்தக் கல்வெட்டு பல இடங்களில் கிடைத்திருக்கிறது. ஆனால் கலிங்கத்திலேயே இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில் இந்தப் பகுதி இல்லை. அங்கே அதற்குப் பதிலாக 'எல்லா மனிதரும் என் பிள்ளைகள்' என்று சொல்லும் தனி ஆணைகள் இருக்கின்றன. ஏன் என்று நினைக்கிறாய்?" என்றார்.

நெடிய அமைதி. முதல் ஆசிரியராக இருந்தால் அந்த அமைதியை ஒரு கதையால் நிரப்பியிருப்பார். நானாக இருந்தால் விடையை எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் காத்திருந்தார். கடைசியில் மகள், "அப்பாவையும் அண்ணனையும் இழந்தவங்ககிட்டயே போய் இத்தனை பேரைக் கொன்னேன்னு எப்படிக்கா சொல்ல முடியும்?" என்றாள். அவர் சிரித்து, "நல்ல ஊகம். ஊகம் என்று படிப்பவருக்குத் தெரியும்படி அதை ஒரே வாக்கியத்தில் எழுது" என்றார். அவள் எழுதிய வாக்கியத்தில் 'இருக்கலாம்' என்ற சொல் இருந்தது. அவளுடைய பழைய விடைத்தாள்கள் எதிலும் நான் அந்தச் சொல்லைப் பார்த்ததில்லை.

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: அசோகர் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று கல்வெட்டில் எழுதியிருக்கிறதா? இல்லை, அதே பதின்மூன்றாம் கல்வெட்டில் அந்தியோகஸ், தாலமி முதலிய ஐந்து கிரேக்க அரசர்களின் பெயர்கள் வருகின்றன, அவர்களுடைய ஆட்சிக்காலங்கள் வேறு வழிகளில் தெரிந்தவை, அவர்கள் அனைவரும் ஒருங்கே வாழ்ந்த ஆண்டுகளைக் கொண்டு அசோகரின் காலத்தைக் கணிக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். மனப்பாடம் செய்யும் ஆண்டுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பது, உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்றுதான் தெரியும். இன்னொரு கேள்விக்கு அவர், "எனக்குத் தெரியவில்லை, அடுத்த வகுப்புக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். சொன்னபடி மறுநாளே எழுதி அனுப்பினார். அத்துடன் என் தேடல் முடிந்தது.

நடைமுறை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவற்றில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் விட்டுவிட்டால் பின்னர் மனக்கசப்பு வரும். கட்டணத்தை மாதத்துக்கு ஒரு முறை, நடந்த வகுப்புகளுக்கு மட்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டோம். ஆண்டு முழுமைக்கும் முன்பணம் கேட்பவர்களை நான் தவிர்ப்பேன். வகுப்பை ரத்து செய்ய வேண்டுமானால் இரு தரப்பும் முதல் நாளே தெரிவிக்க வேண்டும். அடையாளச் சான்றையும், முன்பு கற்பித்த ஒரு குடும்பத்தின் தொடர்பையும் கேட்டு வாங்கிப் பேசினேன். நேர்மையான ஆசிரியர் இதற்கு வருத்தப்பட மாட்டார். வகுப்பு எப்போதும் கதவு திறந்த பொது அறையில், இணையவழி என்றாலும் அப்படியே. செய்திகள் அனைத்தும் நானும் இருக்கும் குழுவில் மட்டும்.

வாரம் ஒரு மணி நேர வகுப்பின் கடைசி இருபது நிமிடங்கள் கடிகாரம் வைத்து எழுதுவதற்கு என்று முதல் வாரமே முடிவு செய்தார்கள். இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் பேச்சில் தெளிவாக இருக்கும் பிள்ளை பேனாவை எடுத்ததும் பழைய கதைக்குத் திரும்பிவிடும். கி.மு. கணக்குக் குழப்பம் தீர ஒரு நீண்ட தாளில் காலக்கோடு வரைய வைத்தார். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழியம் என்ற ஆண்டு இல்லை, ஆகவே கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்ட ரோமப் பேரரசர் அகஸ்டஸின் ஆட்சி 41 ஆண்டுகள் அன்று, 40 ஆண்டுகள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு 500இல் தொடங்கி 401இல் முடிகிறது என்பதையும் அந்தத் தாளில் விரல் வைத்துப் பார்த்த பிறகு அவள் மறக்கவில்லை.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். முதல் மூன்று வாரங்கள் மகள் சலித்துக்கொண்டாள். கதை சொன்ன ஆசிரியரே நன்றாக இருந்தார், இந்த அக்கா கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். நானும் தடுமாறினேன். அவளைச் சமாதானப்படுத்தியது பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கி.மு. 480இல் கிரேக்கத்தின் மீது படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்ஸஸின் காலாட்படை 17 லட்சம் என்று அவர் எழுதியிருப்பதைக் காட்டி, இத்தனை பேர் ஒரு நாளைக்குக் குடிக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அக்கா கேட்க, அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அன்று மாலை முழுவதும் வீட்டில் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொரு குறையை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தொல்லியல் மாணவி என்பதால் பானை ஓடுகளிலும் மண்ணடுக்குகளிலும் அவருக்குத் தனி ஈடுபாடு. தேர்விலோ எழுத்துச் சான்றுகளே மிகுதி. பாடப் பட்டியலைக் காட்டிச் சொன்னதும் உடனே திருத்திக்கொண்டார்.

ஒரு பருவம் கழிந்தபின் சான்றுக் கேள்வியில் 12க்கு 8 வந்தது. அதன் பிறகு வகுப்பை இரு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாம் என்று சொன்னது நான் அல்ல, ஆசிரியரேதான். தனக்கு வரும் வருமானம் பாதியாகும் என்று தெரிந்தே சொன்னார். ஆண்டு இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் மட்டும் மீண்டும் வாரம் ஒரு முறை வைத்துக்கொண்டு, தேர்வோடு முடித்துக்கொண்டோம்.

அண்மையில் மகளின் வகுப்புத் தோழன் ஒருவனின் தாயார் என்னை அழைத்து, அந்த ஆசிரியரின் எண் வேண்டும் என்று கேட்டார். ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன், அதற்கு முன் பையனின் விடைத்தாளைப் பார்க்க முடியுமா என்றேன். அனுப்பினார். சான்றுக் கேள்விக்கு அவன் எழுதியிருந்தது என் மகள் இப்போது எழுதுவதைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் முதல் கேள்விக்கே நான்கு பக்கங்கள் எழுதிவிட்டு, கடைசி இரண்டு கேள்விகளைத் தொடாமல் விட்டிருந்தான். அவனுக்குத் தனி ஆசிரியர் தேவையில்லை, மேசை மீது ஒரு கடிகாரம் போதும் என்று அவரிடம் சொன்னேன்.